வளர்க்கும் மகளுக்கு 14 வயதாகும் முன்...

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் உள்ள ஒரு தமிழ்க் கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் ஐந்து பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43, கணவருக்கு 47. பிள்ளை இல்லை. மட்டக்களப்புப் பக்கத்துச் சிறுவர் இல்லம் ஒன்றில் இருந்த ஒரு பெண்பிள்ளையை, நீதவான் நீதிமன்றக் கட்டளையோடு நான்கு வருடங்களுக்கு முன் தங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பிள்ளைக்கு இப்போது 12 வயதும் எட்டு மாதமும். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இல்லை. தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகும்போது பிள்ளைக்கு ஐந்து வயது கடந்திருந்தது. அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். கொஞ்ச காலம் காசும் தொலைபேசி அழைப்பும் வந்தன, அப்புறம் நின்றுவிட்டன. அம்மம்மா இறந்தபின் பிள்ளை இல்லத்துக்கு வந்தாள்.

முதல் வருடமே தத்தெடுக்க விரும்புவதாகச் சொல்லி, கேட்ட பத்திரங்களையெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் விடயத்தைப் பார்த்த அலுவலர் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வந்து வீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார், அவரும் மாற்றலானார். இப்போது போனால் கிடைக்கும் பதில்: "அந்த மிஸ் மாறிப் போயிட்டா, புதுசா வந்த சேருக்கு ஒண்டும் தெரியா. பைலைத் தேடிப் பார்க்க வேணும்." கிராம உத்தியோகத்தரின் கடிதமும் பொலிஸ் அறிக்கையும் பழசாகிவிட்டன, புதிதாக எடுத்து வாருங்கள் என்கிறார்கள். அவர்கள் இருப்பது அம்பாறை மாவட்டம், பிள்ளையின் பழைய பைல் மட்டக்களப்பில். இங்கே கேட்டால் அங்கே போகச் சொல்கிறார்கள், அங்கே கேட்டால் இங்கே. "தாயின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்களாம். இன்னோர் இடத்தில், "நான்கு வருடம் வளர்த்துவிட்டீர்கள், பிள்ளை உங்களுடையதுதானே, பிறகென்ன அவசரம்?" என்றார்களாம்.

கடிதத்தில் ஓர் இடத்தை அப்படியே தருகிறேன்: "பாடசாலைச் சுற்றுலாப் படிவத்தில் தாயின் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். 'பேனையால எழுதவா அம்மா?' என்று கேட்டாள். நான் என்ன சொல்வது ஐயா?"

சகோதரி, அந்தப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் பேனையாலேயே எழுதலாம். நீதிமன்றக் கட்டளை உங்களிடம் இருக்கிறது, அதற்கு அது போதும். தாயின் பெயர் என்ற இடத்தில் சட்டப்படி எழுத முடியுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. முடியும். ஆனால் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைவிடக் காலம் குறைவு.

முதலில் பிறந்த திகதியைப் பாருங்கள்

ஐந்து பக்கக் கடிதத்தில் நீங்கள் ஓரிடத்திலும் குறிப்பிடாத விடயம் தத்தெடுப்புக்கான வயது எல்லை. இலங்கையில் தத்தெடுப்பை ஆளுவது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டம் பிள்ளை என்று சொல்வது 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை மட்டும். 18 வயது வரை சிறுவர் என்று வேறு சட்டங்களும் சர்வதேச சாசனங்களும் சொல்வதைக் கேட்டுப் பலர் இங்கேயும் அதுதான் கணக்கு என்று நம்பியிருக்கிறார்கள். "என்ன அவசரம்" என்று உங்களிடம் கேட்டவரும் அப்படி நினைத்திருக்கலாம்.

உங்கள் மகளுக்கு 14 பிறக்க இன்னும் 16 மாதம் இருக்கிறது. மனுப் போட்ட நாளில் வயது சரியாக இருந்தால் போதுமென்று யாராவது சொன்னால் அதை நம்பி இருக்க வேண்டாம். உத்தரவு கையில் கிடைக்கும் நாளில் அவள் 14க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். நீதிமன்ற விடுமுறை, அறிக்கைக்கான தவணை, பத்திரிகை அறிவித்தல் எல்லாம் சேர்ந்தால் 16 மாதம் நீண்ட காலம் இல்லை.

மற்ற வயது நிபந்தனைகளில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. தத்தெடுப்பவர் 25 வயதுக்கு மேற்பட்டவராகவும் பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் அதற்குள் வருகிறீர்கள்.

உங்களிடம் இருப்பது தத்தெடுப்பு அல்ல

உங்களை அலைய வைத்ததில் பாதி இந்தக் குழப்பம்தான். நீதவான் நீதிமன்றம் உங்களுக்குத் தந்தது 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழான கட்டளை. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைத் தகுதியான ஓர் ஆளிடம் ஒப்படைப்பது அது. அதன்படி நீங்கள் வளர்க்கலாம், பாடசாலைக்கு அனுப்பலாம், மருத்துவம் பார்க்கலாம். நான்கு வருடம் இல்லை, பத்து வருடம் போனாலும் அது தானாகத் தத்தெடுப்பாக மாறாது.

தத்தெடுப்பு உத்தரவு தருவது மாவட்ட நீதிமன்றம். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் அதற்கு அறிக்கை கொடுக்கிறது. முடிவு அந்தத் திணைக்களத்தின் கையில் இல்லை. இல்லத்தில் இருக்கும் பிள்ளையை முன்பின் தெரியாத தம்பதிக்குப் பொருத்திக் கொடுப்பதென்றால் திணைக்களத்தின் வழியாகத்தான் போக வேண்டும், அங்கே வரிசையும் உண்டு. உங்கள் பிள்ளையோ ஏற்கெனவே நீதிமன்றக் கட்டளையோடு உங்கள் வீட்டில் இருக்கிறாள். பைல் கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று கவுண்டர் முன்னால் நிற்பதை விடுங்கள். சட்டத்தரணி ஒருவர் மூலம் நீங்கள் வசிக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து மனுத் தாக்கல் செய்யுங்கள். வழக்கு இலக்கம் விழுந்து, நீதிமன்றம் திகதி குறித்து அறிக்கை கேட்டால், உங்களுக்குக் கிடைக்காத பைல் நீதிமன்றத்துக்குக் கிடைக்கும். அலுவலர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பொதுமக்களுக்குச் சொல்லும் பதிலுக்குத் தவணை இல்லை, நீதிமன்றத்துக்குச் சொல்லும் பதிலுக்குத் தவணை உண்டு. மேசையில் எது மேலே வரும் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டத்தரணியிடம் ஒரு விடயத்தை மறக்காமல் பேசுங்கள். மாவட்ட நீதிமன்றம் உடனே இறுதி உத்தரவு தராமல், இரண்டு வருடத்துக்கு மேற்படாத சோதனைக் காலத்துக்கு இடைக்கால உத்தரவு தரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடு. உங்கள் விடயத்தில் அப்படி ஒரு உத்தரவு வந்தால் 14 வயது அதற்குள் கடந்து போய்விடும். நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்ததைப் பாடசாலை முன்னேற்ற அறிக்கை, கிளினிக் கொப்பி, வகுப்பாசிரியரின் கடிதம் ஆகியவற்றால் காட்டி, நேரடியாக இறுதி உத்தரவையே கேட்க வேண்டும். பிறந்த திகதியை மனுவின் முதல் பந்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வசதி குறைவென்று எழுதியிருக்கிறீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் உண்டு. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

தாயைத் தேடுவது

இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், உங்கள் பயம் இங்கேதான் இருக்கிறது. "விட்டுவிட்டுப் போனவளை ஏன் தேட வேண்டும்?" என்று கேட்கிறீர்கள். கோபம் விளங்குகிறது. ஆனால் எங்கள் மாவட்டங்களில் வெளிநாடு போன தாய் என்றால் விட்டுப் போன தாய் என்று எந்த நீதிபதியும் எடுத்துக்கொள்ள மாட்டார். அம்மம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு உழைக்கப் போனார், ஆரம்பத்தில் காசு அனுப்பினார். பிறகு ஏன் நின்றது? தொலைபேசியைப் பறித்து வைத்திருக்கும் வீட்டில் மாட்டியிருக்கலாம், சிறையில் இருக்கலாம், இறந்திருக்கலாம். வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டும் இருக்கலாம். இதில் எது என்று பார்க்காமல் ஒரு பெண்ணின் பிள்ளையை இன்னொருவருக்குச் சட்டப்படி கொடுக்க முடியாது.

அதேநேரம், "தாயின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்பதும் பிழை. பெற்றோரின் சம்மதம் தேவை என்பது பொது விதி. பெற்றோர் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், அல்லது தேடியும் கிடைக்காவிட்டால், அந்தச் சம்மதம் இல்லாமலே உத்தரவு தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. "தேடியும்" என்பதைக் காட்டத்தான் வேலை இருக்கிறது. வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் காட்ட வேண்டும்.

அந்தத் தாய் போன காலத்தை வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல தடயம் இருக்க வேண்டும். 2013இலிருந்து வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை எடுத்தார்கள். பிள்ளைகள் எத்தனை, என்ன வயது, யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் போக விடமாட்டார்கள். பிள்ளைக்கு ஐந்து கடந்த பிறகு இவர் போனதும் அதோடு பொருந்துகிறது. தாயின் ஊர்ப் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தித்து அந்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போயிருந்தால் எந்த நாடு, எந்த முகவர் என்பதும் பதிவில் இருக்கும். அங்கிருந்து தூதரகத்துக்கு எழுதலாம். அம்மம்மாவின் உறவினர்களிடமும் கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளைக்குச் சத்தியக்கடதாசி எழுத அந்தக் கொப்பிதான் உதவும். இதன் பிறகும் ஆள் கிடைக்காவிட்டால், பத்திரிகையில் அறிவித்தல் போட நீதிமன்றம் கட்டளையிடலாம்.

கிடைத்துவிட்டால்? இரண்டில் ஒன்று நடக்கும். அவர் சம்மதித்தால் அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் கொன்சியூலர் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு அனுப்பலாம், வழக்கு இலகுவாகும். சம்மதிக்காவிட்டால் அவர் வந்து வாதாடலாம், அந்த ஆபத்து உண்மையானது, அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று தேடாமல் விட்டுவிட்டு, உத்தரவுக்குப் பிறகு அவர் வந்து "எனக்கு அறிவிக்கவே இல்லை" என்று நீதிமன்றம் ஏறினால் நிலைமை இதைவிட மோசமாகும். அப்போது மகளுக்கு 15, 16 வயது இருக்கும்.

கச்சேரி வாசலில் சொன்ன "குறுக்கு வழி"

காசு கொடுத்தால் காலங்கடந்த பிறப்புப் பதிவாக, உங்கள் இருவரையும் பெற்றோராகப் போட்டுப் புதிய சான்றிதழ் எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னாரென்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அது பொய்ப் பதிவு, குற்றம். பிள்ளையின் உண்மையான பதிவு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, இல்லத்தின் ஆவணத்திலும் நீதவான் நீதிமன்றப் பதிவேட்டிலும் அதுதான் இருக்கிறது. அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ போகும்போது இரண்டு பதிவும் முட்டிக்கொள்ளும். பிள்ளை உங்களிடமிருந்தே எடுக்கப்படலாம்.

இந்த நாட்டில் இத்தனை முத்திரையும் கையெழுத்தும் ஏன் என்பதற்குக் காரணமே இப்படிப்பட்ட ஆட்கள்தான். எண்பதுகளில் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அதில் பல பத்திரங்கள் பொய். வேறொரு பெண்ணைத் தாயென்று நீதிமன்றத்தில் நிறுத்திய சம்பவங்களும் பிற்பாடு வெளிவந்தன. 1992இல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுத் தத்தெடுப்பை இறுக்கினார்கள். உங்கள் பக்கத்து ஊரிலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கம் என்று பதியப்பட்ட கைக்குழந்தை நினைவிருக்கும். எங்கள் பிள்ளை என்று உண்மையான பெற்றோர் கதறியும், நீதிமன்றம் மரபணுச் சோதனை முடிந்த பிறகே 2005 பெப்ரவரியில் கையில் கொடுத்தது. அந்தப் பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் அந்தச் சோதனை இல்லாமல் கொடுத்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

பைல் விடயத்தில்

மனுத் தயாராகும் வரை அலுவலகத்தையும் விட்டுவிட வேண்டாம். இனி வாய்ப்பேச்சு கூடாது. கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் பெற்றவரின் கையெழுத்தும் வாங்குங்கள். உள்வரும் தபால் பதிவேட்டில் என்ன இலக்கம் போட்டார்கள் என்று கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் இருந்தால் "பைல் இல்லை" என்று யாரும் இலகுவில் சொல்ல முடியாது. முழு விபரத்தையும் திகதி வரிசைப்படி ஒரு பக்கத்தில் எழுதி, திருகோணமலையில் உள்ள மாகாண ஆணையாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நன்னடத்தைத் திணைக்களம் மாகாண நிர்வாகத்தின் கீழ் வருவது. மட்டக்களப்பும் அம்பாறையும் ஒரே மாகாணம்தான், மாவட்ட எல்லைச் சண்டையை அவர் தீர்க்கலாம்.

அதுவும் அசையவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு கதை பதிலாக வரும். "வீட்டைப் பார்வையிட்ட அறிக்கையின் பிரதி, அது எந்தத் திகதியில் யாருக்கு அனுப்பப்பட்டது" என்று கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தும் பயனில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், துஷ்பிரயோக முறைப்பாட்டுக்கானது, தத்தெடுப்பு அவர்களின் வேலை அல்ல. அம்பாறையிலிருந்து சிங்களத்தில் வந்த கடிதத்துக்குத் தமிழ்ப் பிரதி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேளுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருந்து நாளை விடாதீர்கள்.

பிள்ளையிடம் கேட்டீர்களா?

வழக்கு முடியும் வரை அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது நடக்காது. 10 வயது கடந்த பிள்ளையின் சம்மதம் இல்லாமல் நீதிமன்றம் தத்தெடுப்பு உத்தரவு தர முடியாது. நீதிபதி அவளிடம் பேசிப் பார்க்கவும் கூடும். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தாய் தேடப்படுகிறார் என்று அவளுக்குத் தெரிய வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அவளுக்கு ஐந்து வயதுவரை அம்மாவோடு இருந்த நினைவு உண்டு. உங்களை அம்மா என்று கூப்பிடுவதும், மற்ற அம்மா எங்கே என்று யோசிப்பதும் ஒரே பிள்ளைதான், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் இருந்து சொல்லுங்கள்: உன்னை எங்கள் மகளாகப் பதிய விரும்புகிறோம், அதற்கு உன் அம்மாவைத் தேட வேண்டியிருக்கிறது, உனக்கு விருப்பமா? உடனே பதில் சொல்லாவிட்டால் விடுங்கள். பெயரை மாற்றும் யோசனையையும் அவளிடமே விட்டுவிடுங்கள். 12 வருடம் கூப்பிட்ட பெயர் அவளுக்குச் சொந்தமானது. உத்தரவு வந்தபின் பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் நீங்கள் பெற்றோராகப் பதியப்படுவீர்கள், அதற்கு அவளின் சொந்தப் பெயர் மாற வேண்டியதில்லை.

வீடும் அக்காவின் கேள்வியும்

"என்ன குடி எண்டு தெரியாத பிள்ளைக்கு அம்மாட வீட்டை எழுதப் போறியா?" என்று உங்கள் அக்கா கேட்டாராம். குடி என்ற தாய்வழிக் குலப் பிரிவு கோயில் திருவிழாவில் யாருக்கு எந்தப் பூசை என்பதற்கு உதவும். தத்தெடுப்புச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. வீடு சீதன உறுதியில் உங்கள் பெயரில் இருந்தால் அது உங்களுடையது. அந்த உறுதியில் ஏதாவது நிபந்தனையோ ஆயுட்கால உரிமையோ எழுதியிருக்கிறதா என்று மட்டும் நொத்தாரிசிடம் காட்டிப் பாருங்கள்.

உத்தரவு வந்தால் அவள் உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளையைப்போல உங்கள் இருவருக்கும் வாரிசு. ஆனால் தத்தெடுப்புக்கு முன் எழுதிய உறுதிகளில் "பிள்ளைகளுக்கு" என்று விட்ட சொத்து, அந்த உறுதியிலேயே அப்படி எண்ணம் தெளிவாக இல்லாவிட்டால், அவளுக்குத் தானாகப் போகாது. ஆகவே உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் ஒரு மரண சாசனம் எழுதுங்கள். யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டமான தேசவழமை எங்கள் பக்கத்தில் இல்லை, உங்கள் சொத்தை யாருக்கும் எழுத உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள், ஒரு பின்னேரத்து வேலை. 14 வயது கடந்து தத்தெடுப்பு கைவிட்டுப் போனால்கூட, நீதவான் நீதிமன்றக் கட்டளையோடு தொடர்ந்து வளர்க்கலாம், பாதுகாவலராக நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம், வீட்டை அவளுக்கே எழுதலாம். அது தத்தெடுப்பு ஆகாது, சட்டத்தின் முன் அவள் உங்கள் மகளும் ஆகமாட்டாள். ஆனால் உங்கள் காலத்துக்குப் பிறகு அவள் தெருவில் நிற்க மாட்டாள்.

இந்தக் கிழமையே சட்டத்தரணியைப் பாருங்கள். போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் விவாகப் பதிவு, அடையாள அட்டைகள், நீதவான் நீதிமன்றக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, அம்மம்மாவின் மரணச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கடைசியாகச் சொன்ன சான்றிதழ் உங்களிடம் இல்லையென்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர் இறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், தாயின் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கேட்கப் போகும் அதே நாளில் அதையும் முடித்துக்கொள்ளுங்கள்.